"பிங் போகுது சார்": எங்கள் தெரு ஃபைபர் இணைப்பும் ஒரு இரண்டெழுத்துச் சொல்லும்

நான்கு மாதம் பயன்படுத்திவிட்டு எழுதுகிறேன். எங்களுடையது தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊர். ஃபைபர் இணைப்புக் கொடுக்க மூன்று பேர் இருக்கிறார்கள். நான் வாங்கியது உள்ளூர்க் கேபிள்காரரிடம். பெயரைச் சொல்லப்போவதில்லை, தினமும் டீக்கடையில் எனக்கு எதிரே உட்காருகிறவர். மாதம் 599 ரூபாய், வரியோடு 706 ரூபாய் 82 காசு. நோட்டீஸில் போட்டிருப்பது 100 எம்பிபிஎஸ் வேகம். ரூட்டர் இலவசம். வயர் இழுத்துப் பொருத்த 500 ரூபாய் தனி.

வேகத்தில் குறை இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோதித்துப் பார்த்தபோதெல்லாம் தொண்ணூறுக்கு மேல் காட்டியது. என் மனைவி சீரியல் பார்க்கும்போது வட்டம் சுற்றி நான் பார்த்ததில்லை. கரண்ட் போய் வந்தால் இரண்டு நிமிடத்தில் தானாக இணைந்துகொள்கிறது. இதற்கெல்லாம் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன்.

பிரச்சினை மாலை ஆறரை மணிக்குத்தான். மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். நமக்கு ஆறரை என்றால் அங்கே ஒன்பது, பேத்தி தூங்கப் போகிற நேரம். ஒரு கதை கேட்டுவிட்டுத்தான் தூங்குவாள். நரி திராட்சைப் பந்தலுக்குக் கீழே வந்து நிற்கும். நானும் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பேன். "தாத்தா ஸ்டாச்சூ ஆயிட்டார்" என்று அந்தப் பக்கம் சிரிப்பு கேட்கும். பிறகு அதுவும் நின்றுவிடும். தினமும் இதே கதை. காலையிலோ மத்தியானத்திலோ பேசினால் ஒரு தடங்கலும் கிடையாது.

புகார் சொன்னேன். மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு ஒரு பையன் வந்தான். கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து ஏதோ தட்டினான். வரி வரியாக எழுத்துகள் ஓடின.

"பிங் போகுது சார்."

"எங்கே போகுது தம்பி?"

"போகுது சார், வருது சார். ரிப்ளை வருது பாருங்க. லைன்ல ஒண்ணும் இல்ல. உங்க லேப்டாப்தான்."

போய்விட்டான். வண்டி தெருமுனையைத் தாண்டுகிற வரை எனக்கு அந்தச் சொல்தான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்திரண்டு வருஷம் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவன் நான். 'பஸ்' (தேனீயின் ரீங்காரம்), 'ஹிஸ்', 'கிளிக்' என்று ஒலியைப் போலி செய்கிற சொற்களுக்குக் கரும்பலகையில் பட்டியலே போடுவேன். அதில் ஒரு நாளும் 'பிங்' வந்ததில்லை. அன்று ராத்திரி அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

(தமிழில் எழுதும்போது இந்தச் சொல்லுக்கு ஒரு சங்கடம் உண்டு. 'பிங்' என்று எழுதினால் மைக்ரோசாஃப்டின் தேடுபொறியா, இதுவா என்று எழுத்து சொல்லாது. உதட்டை அழுத்தி, காற்றை வெடிக்கவிட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். போதாததற்கு 'ங்' என்ற மெய்யில் முடிகிற தமிழ்ச் சொல்லும் கிடையாது. ஆனால் வெண்கலப் பாத்திரம் கீழே விழுந்தால் 'ணங்' என்றுதான் நாமும் சொல்கிறோம். ஒலிக்குறிப்பு என்று வந்துவிட்டால் இலக்கணம் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளும்போல.)

அகராதி இந்தச் சொல்லின் பிறந்த வருஷமாகக் காட்டுவது 1835. துப்பாக்கிக் குண்டு விர்ரென்று வந்து எதிலாவது பட்டுத் தெறிக்கிற ஓசை. கணினி இல்லை, கடல் இல்லை, பந்துகூட இல்லை. குண்டு போகும், படும், அதோடு முடிந்தது. யாரும் அதற்குப் பதில் எதிர்பார்ப்பதில்லை. பிறக்கும்போது இது ஒருவழிச் சொல்.

இதைத் திரும்பிவர வைத்தவர்கள் மேசையில் பந்து தட்டியவர்கள். இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சாப்பாட்டு மேசைக்குக் குறுக்கே வலை கட்டி ஆடிய ஆட்டம் அது. மட்டையில் இன்று இருப்பதுபோல ரப்பர் கிடையாது. மத்தளம்போல இழுத்துக் கட்டிய தோல். செல்லுலாய்டு பந்து இந்த மட்டையில் பட்டால் 'பிங்', அந்த மட்டையில் பட்டால் 'பாங்'. லண்டன் ஜாக்ஸ் நிறுவனம் அதையே வணிகப் பெயராகப் பதிவு செய்துகொண்டது. அமெரிக்க உரிமை பார்க்கர் பிரதர்ஸிடம் போனது. பெயருக்கு முதலாளி இருந்ததால்தான் 1926ல் உருவான சர்வதேசச் சம்மேளனத்தின் பெயரில் டேபிள் டென்னிஸ் என்றே இருக்கிறது. சீனர்கள் பழைய பெயரை விடவில்லை. அவர்கள் எழுதுகிற இரண்டு எழுத்துகளைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 'சிப்பாய்' என்ற எழுத்தில் ஒரு பக்கக் காலை எடுத்துவிட்டால் 'பிங்', மறுபக்கக் காலை எடுத்துவிட்டால் 'பாங்'. வலைக்கு இருபுறமும் ஒற்றைக் காலில் நிற்கிற இரண்டு ஆட்டக்காரர்கள். 1971ல் அமெரிக்க அணி சீனாவுக்குப் போய் ஆடியது. அடுத்த வருஷம் நிக்சனே போனார். இரண்டு நாடுகள் இருபது வருஷத்துக்கு மேல் பேசாமல் இருந்துவிட்டுப் பேச ஆரம்பித்தது இந்தத் 'தட்டு, திருப்பித் தட்டு' ஆட்டத்தில்தான்.

அடுத்தது கடல். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறிய சமயம், பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாஞ்ஜவென் குவார்ட்ஸ் படிகத்தை வைத்துத் தண்ணீருக்குள் ஒலித் துடிப்பை அனுப்பி, அது எதிலாவது மோதித் திரும்புவதைப் பிடிக்கிற வழியைச் செய்து காட்டினார். பிரிட்டிஷ் கடற்படை அதை அஸ்டிக் என்றது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் வைத்த சோனார் என்ற பெயர் நிலைத்தது. காதில் குழலை மாட்டிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கேட்ட ஒலிக்கு அந்தப் பழைய குண்டுச் சத்தத்தின் பெயரையே வைத்தார்கள். கடல் நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். அனுப்பிய பிங் இரண்டு நொடியில் திரும்பினால், எதிரி 1500 மீட்டர் தள்ளி இருக்கிறான். போக ஒரு நொடி, வர ஒரு நொடி. இந்தக் கணக்கை மறக்காதீர்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

சரி, அந்தப் பையன் தட்டியது எது? அதன் கதையை அதைச் செய்தவரே எழுதி வைத்திருக்கிறார். பெயர் மைக் மூஸ். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் ராணுவத்தின் பாலிஸ்டிக்ஸ் ஆய்வகத்தில் வேலை. (பாலிஸ்டிக்ஸ் என்றால் குண்டு பாய்கிற விதத்தை ஆராயும் துறை. குண்டுச் சத்தமாகப் பிறந்த சொல் சுற்றிச் சுற்றி அங்கேயே போய் நின்றது எனக்குப் பிடித்திருந்தது.) 1983 டிசம்பரில் ஒரு நாள் அவருடைய நெட்வொர்க் கோளாறு செய்தது. எந்த இயந்திரம் உயிரோடு இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்துகொள்ள ஒரே மாலையில் ஒரு சின்ன நிரல் எழுதினார். மொத்தம் ஆயிரம் வரி அளவில். கல்லூரியில் சோனார் பற்றி நிறைய வேலை செய்திருந்தவர், அதனால் பெயருக்கு அலையவில்லை. 'இருக்கிறாயா?' என்று ஒரு துணுக்கை அனுப்புவது, 'இருக்கிறேன்' என்று திரும்பிவர எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று பார்ப்பது, இவ்வளவுதான் வேலை. அந்தத் துணுக்குக்கு 1981ல் எழுதிய இணைய விதிமுறையிலேயே 'எக்கோ' என்றுதான் பெயர். எதிரொலி.

இந்தப் பெயரை விரித்து 'பாக்கெட் இன்டர்நெட் குரோப்பர்' என்று சொல்கிறவர்கள் உண்டு. பெயர் வந்த பிறகு அதற்கு விரிவு தேடுகிற வேலை அது. அதைச் சொன்னவராக மூஸ் கேள்விப்பட்டது டேவ் மில்ஸ் என்ற இன்னொரு பெரிய ஆளை. மூஸ் சண்டைக்குப் போகாமல், என்னைப் பொறுத்தவரை இது சோனார்தான், ஒருவேளை நாங்கள் இருவருமே சரியாக இருக்கலாம் என்கிற மாதிரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார். 2000ஆம் வருஷம் நவம்பரில் சாலை விபத்தில் இறந்துபோனார். அந்த ஒரு மாலை வேலை இன்றைக்கு அநேகமாக எல்லாக் கணினியிலும் இருக்கிறது. என் வீட்டிலும் ஓடியது.

அவர் எழுதியதில் ஒரு சம்பவம்தான் எனக்கு 706 ரூபாய் 82 காசை நியாயப்படுத்தியது. ஒரு மாநாட்டில் ஒருவர் அவரிடம் சொன்னதாம். அலுவலகத்தில் நெட்வொர்க் விட்டு விட்டு வருகிறது, எந்த இணைப்பில் கோளாறு என்று தெரியவில்லை. அந்த மனிதர் பிங்கைக் குரல் எழுப்பும் நிரலோடு கோர்த்து, ஒலிபெருக்கியில் விட்டு, சத்தத்தை முழுசாக வைத்துவிட்டார். கணினி நொடிக்கு ஒரு தடவை 'பிங், பிங்' என்று கத்திக்கொண்டே இருக்க, அவர் கட்டடம் முழுவதும் நடந்து ஒவ்வொரு வயர் முனையாக ஆட்டிப் பார்த்தார். எதை ஆட்டியபோது சத்தம் நின்றதோ, கோளாறு அங்கே.

என் தங்கை மகன் படிப்பு முடிந்ததும் விட்டுப்போன பழைய மடிக்கணினி பரண்மேல் கிடந்தது. அதில் லினக்ஸ் போட்டு வைத்திருந்தான். லினக்ஸில் பிங்கோடு '-ஏ' என்று சேர்த்துத் தட்டினால், பதில் வருகிற ஒவ்வொரு தடவையும் ஒரு சத்தம் கொடுக்கும். அவனைப் போனில் கேட்டுக் கேட்டு அடித்தேன். சத்தம் வந்தது. ஆனால் அது 'பிங்' என்று கேட்கவில்லை, தண்ணீர் சொட்டுகிற சத்தம். நொடிக்கு ஒரு சொட்டு. ஐந்து நிமிடத்தில் என் மனைவி அடுப்படிக் குழாயை இறுக்கிவிட்டு வந்தாள். பத்து நிமிடத்தில் பாத்ரூம் குழாயை.

மத்தியானம் முழுக்கச் சொட்டு விடாமல் விழுந்தது. நானும் அந்த மனிதர் மாதிரி ரூட்டர் வயரை ஆட்டினேன், பிளக்கை ஆட்டினேன், மாடிக்குப் போய்க் கேபிளை அசைத்துவிட்டு ஓடிவந்து கேட்டேன். ஒன்றும் இல்லை. ஆறு மணிக்கு மனைவி, "கொசு வருதுங்க" என்று சொல்லி வாசல் பக்க ஜன்னலைச் சாத்திக் கொண்டியைப் போட்டாள்.

சொட்டு நின்றது. மறுபடி ஒன்று. பிறகு மூன்று நொடி மௌனம். பிறகு இரண்டு.

"அதைத் திற" என்றேன்.

திறந்தாள். சொட்டுகள் வரிசைக்கு வந்தன.

"சாத்து."

என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே சாத்தினாள். நின்றது. முப்பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் நான் சொன்ன உடனே அவள் இரண்டு வேலை அடுத்தடுத்துச் செய்தது அன்றுதான்.

விஷயம் இதுதான். இணைப்புக் கொடுக்க வந்தவர்கள் சுவரில் துளை போடச் சோம்பல்பட்டு, ஃபைபர் வயரை ஜன்னல் சட்டம் வழியாக உள்ளே விட்டிருக்கிறார்கள். கதவைச் சாத்தினால் வயர் சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் நசுங்கி மடிகிறது. செப்புக் கம்பி என்றால் மடிந்தாலும் கரண்ட் போகும். இது கண்ணாடி இழை. உள்ளே போவது வெளிச்சம். குறுகலாக வளைத்தால் வெளிச்சம் ஓரம் வழியாகக் கசிந்துவிடும். முழுசாகப் போகாது, முழுசாக நிற்காது. சினிமா பார்க்கும்போது பெட்டி முன்கூட்டியே கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்வதால் தெரியாது. நேருக்கு நேர் பேசும்போது விட்டுப்போன துணுக்குக்காகக் காத்திருக்க முடியாது, அதனால் தாத்தா சிலையாகிவிடுவார். பையன் வந்தது காலை பதினொரு மணிக்கு. ஜன்னல் திறந்திருந்தது. அவன் சொன்னதும் உண்மைதான், பிங் போனது, வந்தது.

மறுபடி புகார். இந்த முறை வேறு பையன், கையில் வயருக்குள் வருகிற வெளிச்சத்தை அளக்கிற மீட்டரோடு வந்தான். ஜன்னலைச் சாத்தி அளக்கச் சொன்னேன். மைனஸ் 27 காட்டியது. பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லதாம். 27ஐத் தாண்டிக் கீழே போனால் பெட்டிக்குக் கண் மங்கிவிடும் என்றான். சுவரில் துளை போட்டு, வயரை மாற்றி விட்டு மறுபடி அளந்தான். மைனஸ் 19. வேலை சுத்தம். சிமெண்ட் தூசியை அவனே கூட்டித் தள்ளினான். 150 ரூபாய் கேட்டான், கொடுத்தேன். அவர்கள் செய்த தப்புக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும் என்று இப்போது யோசிக்கிறேன். அவனுக்கு மட்டும் ஐந்து நட்சத்திரம்.

இணைப்பு வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று. நோட்டீஸில் பெரிதாக அச்சடித்திருக்கிற எம்பிபிஎஸ் என்பது குழாயின் அகலம். 'நான் கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் ஏன் என்று கேட்பாய்' என்பதுதான் பிங். வீட்டில் வீடியோ அழைப்பு, ஆன்லைன் வகுப்பு, விளையாடுகிற பையன் என்று இருந்தால் இரண்டாவதைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் சென்னைக்கு 14 மில்லிநொடி, சிங்கப்பூருக்கு 58. இது மோசமா? கண்ணாடி இழைக்குள் வெளிச்சம் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002ல் போட்ட கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லிநொடி, அதற்குக் குறைவாக யாராலும் முடியாது. எங்கள் ஊரிலிருந்து சென்னை போகிற தூரமும் நடுவில் உள்ள பெட்டிகளும் சேர்ந்தால் 58 நியாயமான எண்தான். கேபிள்காரரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நிமிடம் விடாமல் ஓடவிட்டு, ஒரு பதில்கூடத் தவறவில்லையா என்றும் பாருங்கள். ஜன்னலைத் திறந்தும் மூடியும் பாருங்கள்.

இந்தச் சொல்லுக்கு இன்னும் எவ்வளவோ பிழைப்பு இருக்கிறது. ஜெனரல் எலெக்ட்ரிக் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் 1959ல் தன் வீட்டுக் கார் கொட்டகையில் செய்த கோல்ஃப் மட்டை, பந்தைத் தொட்டால் 'பிங்' என்றது. அதுவே கம்பெனிக்குப் பெயர். சரியில்லாத பெட்ரோல் போட்டு மேட்டில் ஏறினால் எஞ்சினுக்குள் வருகிற டிக்டிக் சத்தமும் அமெரிக்காவில் பிங்தான், பிரிட்டனில் அதையே பிங்க் என்பார்கள். வேல்ஸ் மக்கள் மைக்ரோவேவ் அடுப்பை வேடிக்கையாக 'பாப்டி பிங்' என்கிறார்கள்; பாப்டி என்றால் அடுப்பு. நம் ஊரில் யாராவது அதற்கு 'டிங்கடுப்பு' என்று பெயர் வைத்திருக்கலாம். 2021 ஜூலையில் இங்கிலாந்தில் கொரோனா செயலி, நோயாளி பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் பிங் அனுப்பி வீட்டிலேயே இரு என்றது. ஒரே வாரத்தில் ஆறு லட்சத்துக்கும் மேல். வேலைக்கு ஆள் இல்லாமல் கடை அலமாரிகள் காலியாக, பத்திரிகைகள் 'பிங்டெமிக்' என்று எழுதின. ஆப்பிள் 2010ல் பிங் என்று ஒரு இசைத் தளம் ஆரம்பித்து இரண்டே வருஷத்தில் மூடியது. அதைப் பற்றி யாரும் அழுததாகத் தெரியவில்லை.

எனக்கு ஒத்துக்கொள்ளாதது கடைசியாக வந்த பொருள்தான். அலுவலகத்துக்காரர்கள் சொல்கிற 'பிங் பண்றேன்'. சோனார்காரனும் மூஸும் பதிலுக்காகத்தான் அனுப்பினார்கள். இவர்களுடைய பிங் போவதோடு சரி, பல நேரம் போவதும் இல்லை. 1835ன் குண்டுக்கே திரும்பிவிட்டது. முதல் பையன் வந்துபோன மறுநாள் கேபிள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "ஈவினிங் டைம்ல லோடு சார். கேட்டுட்டு உங்களுக்குப் பிங் பண்றேன்" என்றாள். இரண்டாவது பையன் வந்ததுகூட அவள் அனுப்பி அல்ல. டீக்கடையில் முதலாளியையே பிடித்துச் சொன்னதால்.

ஆகவே இணைப்புக்கு நான்கு நட்சத்திரம், வாடிக்கையாளர் சேவைக்கு ஒன்று. வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்கிறார்கள். நான் மூன்று மாதத்துக்குத்தான் கட்டியிருக்கிறேன். அந்தப் பெண் பிங் பண்ணுகிறேன் என்று சொல்லி இன்றோடு 47 நாள். கடல் கணக்குப்படி பார்த்தால், இந்த நிமிடமே பதில் வந்தால்கூட அந்த அலுவலகம் என் வீட்டிலிருந்து முப்பது லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மருந்துக் கடை மாடியில் இருக்கிறது.